டேஷ்போர்டுப் பிள்ளையார்

"சீட் கவர் ஃப்ரீயா இல்லையா? அதை முதல்ல சொல்லு தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

உமாமகேஸ்வரி அம்மாள் தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிற தோரணையில் பேசினார். பக்கத்தில் மகன் ஸ்ரீராம். கறுப்புக் கண்ணாடி, ஜிம் உடம்பு. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

குவீன்ஸ்டவுன் ஷோரூமில் இரண்டு மாதமாக வெங்கடேஷ் ஒரு கார்கூட விற்கவில்லை. இந்த மாதமும் போணியாகவில்லை என்றால் வேலை போகும். வேலை போனால் சிங்கப்பூரில் தங்குகிற பாஸும் போகும். அப்புறம் திருச்சிக்கு விமானம் ஏறவேண்டியதுதான். போதாக்குறைக்கு அடுத்த மேசை சங்கீதா காலையிலேயே ஒரு பெரிய பார்ட்டியைப் பிடித்துவிட்டாள். "அண்ணே, டெஸ்ட் டிரைவ் போறேன் லா, வர லேட்டாகும்" என்று கையை ஆட்டிவிட்டுப் போயிருந்தாள். வயிறு எரியாதா?

"சீட் கவர் ஃப்ரீதான் ஆன்ட்டி."

"ஜன்னல் திரை?"

"அதுவும்தான்."

"டேஷ்போர்டுல வைக்க ஒரு பிள்ளையார்?"

"பிள்ளையாருக்கு மட்டும் தனியா காசு ஆன்ட்டி..."

"சிஓஇ பர்மிட், அது இதுன்னு சேர்த்து ஒரு வீட்டு விலை சொல்றீங்க. சாமிக்குமா காசு? நல்லா இருக்குப்பா நியாயம்!"

அலமாரியில் மிச்சமிருந்த ஒரே பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தான். அடியில் ஒட்டியிருந்த கடையின் விலைச்சீட்டை அம்மாள் நகத்தால் சுத்தமாகச் சுரண்டி எடுத்தார்.

"இப்பவே எல்லாத்தையும் டெஸ்ட் டிரைவ் கார்ல மாட்டு. கண்ணால பார்க்காம நான் வாங்கமாட்டேன்."

மாட்டினான். அதன் பிறகுதான் வில்லங்கம் ஆரம்பித்தது.

"கதவுல கடை ஸ்டிக்கர் இருக்கு பாரு, அதை எடுத்துடு."

"எதுக்கு ஆன்ட்டி?"

"அசிங்கமா இருக்கு. முன்கண்ணாடியில இருக்கற கேமராவுலயும் கடைப் பேரு. அதையும் கழட்டு."

வெங்கடேஷுக்குச் சுரீர் என்றது. போன மாதம்தான் இன்னொரு கடையில் டெஸ்ட் டிரைவ் என்று எடுத்துப் போன கார் காணாமல் போயிருந்தது. "நம்ம கார் ஒண்ணு தொலைஞ்சாலும் தொலைச்சவன் ஊருக்குப் போகவேண்டியதுதான்" என்று முதலாளி எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். இங்கே கடையின் அடையாளத்தை எடுத்தாயிற்று, கேமராவையும் கழற்றியாயிற்று. இனி வழியில் அவனைக் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது.

"வண்டியை நான்தான் ஓட்டுவேன்" என்றான், சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்று அம்மாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. "கேலாங் சிவன் கோயிலுக்கு விடு. சாமிகிட்ட காட்டாம நான் எதையும் வாங்கறதில்ல."

வழியெல்லாம் வெங்கடேஷின் ஒரு கண் சாலையில், மறு கண் பின்சீட்டில். ஒவ்வொரு சிக்னலிலும் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஸ்ரீராம் மெல்ல முன்னால் சாய்ந்தான். தொலைந்தோம் என்று நினைத்தான் வெங்கடேஷ்.

"ம்மா, அந்தப் பொண்ணு என்னைவிட உயரமா?"

"சும்மா இருடா!" என்று அதட்டிய அம்மாள் வெங்கடேஷ் பக்கம் திரும்பினார். "ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போறோம் தம்பி. பொண்ணு வீடு பெரிய வசதியாம். இது எங்க காருன்னு அவங்க நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நீ எங்க டிரைவர், வாயைத் திறக்காதே. கல்யாணம் நிச்சயம் ஆகட்டும், கார் உன்கிட்டதான் வாங்குவோம்."

அப்பாடா, கார் பிழைத்தது! ஆனால் நிம்மதி கோயில் வாசல் வரைகூட நிலைக்கவில்லை. திருச்சியில் அவன் தங்கைக்கும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு புளுகுக் கூட்டம் அவளைப் பார்க்க வந்தால்?

கோயிலில் பெண்ணின் அப்பா ராமலிங்கம் நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறையச் சிரிப்புமாக வரவேற்றார். அம்மாள் நிதானமாக இறங்கி, கார்க் கதவை ஒருமுறை தடவிவிட்டு, "போன வாரம்தான் எடுத்தோம்" என்றார். பாவம், அந்த மனிதர் அப்படியே நம்பினார். "டிரைவர் வேற வச்சிருக்கீங்களா!" என்று வியந்தார். வெங்கடேஷுக்கு ரத்தம் கொதித்தது.

எல்லாரும் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் ராமலிங்கம் மட்டும் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தின் கோடிக்கு நடந்தார். சொன்னால் வியாபாரம் போகும், வேலையும் போகும். போனால் போகட்டும்! வெங்கடேஷ் அவர் பின்னால் ஓடினான்.

"சார், ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். மாப்பிள்ளை வீட்டுக் கார் இருக்கே..."

"பிரமாதம் தம்பி! நம்ம கார் மாதிரியே இருக்கு" என்றார் ராமலிங்கம், கோடியில் பளபளவென்று நின்ற தம் காரைக் காட்டி. "பழத்தட்டைக் கார்லயே மறந்துட்டேன், அதான் எடுக்க வந்தேன்."

வெங்கடேஷ் பார்த்தான். அதே சீட் கவர். அதே ஜன்னல் திரை. டேஷ்போர்டில் அதே பிள்ளையார். இந்தப் பிள்ளையாரின் காலடியில் மட்டும் கடையின் விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.

"டிரைவரம்மா, அந்தப் பழத்தட்டை எடும்மா" என்று ராமலிங்கம் கண்ணாடியைத் தட்டினார்.

கண்ணாடி இறங்கியது. தட்டை ஒரு கையால் நீட்டிய சங்கீதா, மறு கையின் விரலை உதட்டின் மேல் வைத்து வெங்கடேஷைப் பார்த்தாள்.