சிவப்பியின் கோபம்

வானத்து ஓரத்தில் சிவப்பி என்றொரு சின்ன நட்சத்திரம். சூடு குறைச்சல்தான், ஆனால் தலைதெறிக்கச் சுற்றுவாள். சுற்றச் சுற்ற உள்ளே காந்தம் முறுக்கேறி, பட்டென்று வெடிப்பாள். வெடிக்கும்போதெல்லாம், பக்கத்திலேயே சுற்றிவரும் அவளுடைய குட்டிக் கிரகத்தின் காற்றுப் போர்வை கொஞ்சம் பறந்துபோகும். முழுசும் போய்விட்டால் பிள்ளை என்னாகும்? சிவப்பிக்கு அதே பயம்.

"நானும்தான் வேகமா சுத்துறேன். எனக்குக் கோபமே வராதே!" என்று சீண்டியது எதிரே இருந்த நீல நட்சத்திரம்.

"ரொம்பச் சூடான உனக்கு மேல்தோல் கொதிச்சுப் புரளாது. சூடு குறைஞ்ச எனக்குத்தான் உள்ளே குழம்பு மாதிரி கொதிச்சுக் காந்தம் முறுக்கேறுதே!" என்று சொல்லும்போதே சிவப்பி வெடித்தாள்.

குட்டிக் கிரகம் தன் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. "அம்மா, ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் உன் வேகம் கொஞ்சம் குறையுது."

"நெசமாவா கண்ணு? அப்போ ஒருநாள் அடங்கிடுவேன்!"

"அடங்கிடுவே. அதுவரைக்கும் அந்த நீலத்தோட பேச்சு வச்சுக்காதேம்மா."