மஞ்சளிலேயே நின்ற விளக்கு

மாமியாரின் அறையில் டிவி சீரியல் அலறிக்கொண்டிருந்தது. அது அலறுகிற வரைக்கும் பயமில்லை. மாப்பிள்ளை பூனை நடையில் வாசலைத் தாண்டி கேரவனுக்குள் ஏறினார். மனைவி ஏற்கெனவே உள்ளே காத்திருந்தாள்.

"மூட்டுவலிக்கு நாலு நாள் கரண்ட்டுல சூடாகுற பையால ஒத்தடம் வச்சுட்டுப் போயிடறேன்னு வந்தாங்க. நாலு மாசமாச்சு," என்று கிசுகிசுத்தார். "பெத்த தாயை விட்டுட்டு ஓடறோமேன்னு உனக்கு வருத்தமில்லையே?"

"பெத்த தாய்ங்கறதாலதான் சொல்றேன், சீக்கிரம் கிளப்புங்க," என்றாள் மனைவி. "ஆனா பேட்டரி நிறையாம வண்டி ஒரு அடி நகரக் கூடாது!"

அவள் பயம் அவளுக்கு. போன தடவை நடுக்காட்டில் பேட்டரி மண்டையைப் போட்டது. தண்ணி மோட்டார் நின்று, முகமெல்லாம் சோப்போடு கத்தியவள் அவள்தான்.

மாப்பிள்ளை சீட்டுக்கடியில் இருந்த சார்ஜர் பெட்டியைக் காட்டினார். வீட்டிலிருந்து இழுத்த ஒயர் அதற்குத்தான் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது.

"முதல்ல சிவப்பு விளக்கு. அள்ளி அள்ளிக் கொட்டும். முக்கால்வாசி நிறைஞ்சதும் மஞ்சள், நிதானமா ஊட்டும். முழுசா நிறைஞ்சா பச்சை. அப்புறம் சொட்டு சொட்டாதான்."

"எங்கம்மாவுக்கு நீங்க சோறு போட்ட மாதிரி."

மாப்பிள்ளை காதில் விழாதது போல் விளக்கையே முறைத்தார். சாப்பாட்டு நேரத்திலேயே மஞ்சளுக்கு வந்த விளக்கு, அதிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

"உள்ள எதுவோ கரண்ட்டைக் குடிச்சிட்டே இருக்கு. அதான் பச்சைக்குப் போக மாட்டேங்குது."

ஃப்ரிட்ஜை அணைத்தார். லைட், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்தார். மஞ்சள் அசையவில்லை.

"உங்க பெட்டியே தண்டம்!"

"பெட்டியைத் திட்டாதே. அது பொய் சொல்லாது!"

வீட்டுக்குள் சீரியலின் முடிவுப் பாட்டு கேட்டது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "போச்சு! இப்ப காபி கேட்டு வெளியே வருவாங்க. மாட்டினோம்!"

மாப்பிள்ளை பெட்டியைக் கும்பிட்டார். "தாயே, பச்சை காட்டு!"

அடுத்த சில நிமிஷத்தில் காட்டியது.

ஒயரைப் பிடுங்கி எறிந்தார். சாவியைத் திருகினார். தெரு, மார்க்கெட், பாலம் எல்லாம் பின்னால் பறந்தன. ஊர் எல்லை தாண்டியதும் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை விசிலே அடித்தார்.

"எது குடிச்சதுன்னுதான் கடைசி வரை தெரியலை," என்றார்.

டிரைவர் சீட்டுக்கு மேலே, போர்வைகளை அடைத்து வைத்திருந்த படுக்கையின் திரை மெல்ல விலகியது.

"நீங்க தவிச்சது பொறுக்காமதான் ஒத்தடத்தை நிறுத்தினேன், மாப்பிள்ளை."