நாலாவில் கிடைத்த புது உயிர்

"அது புது இனம்தான்னு உறுதியாயிடுத்து, ரஞ்சனா!" செம்பூர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினான் கௌசிக். சுனாபட்டி நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் சேற்றிலிருந்து அவனுடைய லேப் பிரித்தெடுத்த, மீத்தேன் வாயு தரும் நுண்ணுயிர் அது.

பிரசவத்துக்காக அதே லேப் வேலையை விட்டிருந்த ரஞ்சனா, குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள். "அதுக்கு என் பேரை வைப்பியா?"

"முடியாது."

அவள் முகம் வாடியது. "டைரக்டர் பேரைத்தான் வைப்பியாக்கும்."

"இல்லைடி. கண்டுபிடிச்சவா தன் பேரையே வெச்சுக்கற வழக்கமில்லை."

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்?"

"வேலையை விட்ட அன்னிக்கு நாலாச் சேத்தைப் போட்டு சீல் வெச்சியே, அந்த பாட்டில்லதான் வளர்ந்திருக்கு. கட்டுரையில முதல் பேர் உன்னோடது."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"சீக்கிரம் சொல்லு," என்றான் கௌசிக். "நீ என்ன பேர் வைக்கப்போறே?"