எஞ்சினுக்கு ஒரு லேபிள்

மாலை நாலரை மணி. மரக்காணத்தில் கடற்காற்று இன்னும் எழவில்லை; 2006 ஜூன் மாதத்துப் புழுக்கம். மலர்கொடி தன் கம்ப்யூட்டர் கடையில், உப்பள முதலாளி சிவப்பிரகாசத்துக்காக லேசர் பிரிண்டரில் லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்தாள்: ‘அயோடின் கலந்த தூய உப்பு’.

“அயோடின் கலக்குற மிஷின் வந்துடுச்சாண்ணா?”

“வரும்மா. முதல்ல லேபிள் வரட்டும்.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அப்போது மீனவன் இருசப்பன் உள்ளே வந்தான்.

“மேடம், ஒரு லேபிள் வேணும். உப்புத்தண்ணி பட்டாலும் அழியக் கூடாது.”

மலர்கொடி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

“இது பேப்பர், ஊறிப் போயிடும். இந்தப் பளபளா லேபிள் இன்க்ஜெட்டுக்கு. லேசர்ல விட்டா சூட்டுல உருகி ரோலர்ல ஒட்டிக்கும். இது பிளாஸ்டிக், லேசருக்குன்னே வர்றது. சூடும் தாங்கும், தண்ணியும் தாங்கும்.”

“உரிச்சா வருமா?”

“வராது.”

“அப்ப இதான். ‘திரௌபதி, ஆதிமூலம் மனைவி’ன்னு அடிங்க. எஞ்சின்ல ஒட்டணும்.”

“போட் எஞ்சினா? யாருது?”

“சுனாமி நிவாரணத்துல எனக்கு வந்தது. இன்னும் கரைக்கு எடுத்துட்டுப் போகல.”

விசைப்பலகையில் அவள் விரல்கள் நின்றன.

“உங்க எஞ்சின்ல எதுக்கு அந்தம்மா பேரு?”

இருசப்பன் சிவப்பிரகாசத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். சிவப்பிரகாசம் முந்திக்கொண்டார்.

“புருசன் இல்லாதவ பேரை இதுல ஒட்டிட்டு, தனக்கு வரலைன்னு இன்னொரு எஞ்சின் வாங்கத்தான்! ஏம்பா, பொழைக்கத் தெரிஞ்சவன்தான் நீ.”

“பொய்ப் பேரெல்லாம் நான் அடிச்சுத் தர்றதில்ல,” என்றாள் மலர்கொடி.

சிவப்பிரகாசம் முதல் கட்டு லேபிளை எடுத்துக்கொண்டு, மீதிக்கு நாளை வருவதாகச் சொல்லிப் போனார். அவர் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு இருசப்பன் பேசினான்.

“ஆதிமூலம் அண்ணன் என்கூட கடலுக்கு வந்தவரு. சுனாமியில போயிட்டாரு. நானா மீன் குடுத்தா, ‘நான் என்ன பிச்சைக்காரியா’ன்னு அண்ணி திருப்பி அனுப்பிடுது. புள்ளைங்க வெறும் கஞ்சி குடிக்குதுங்க. கரையில, பிடிச்ச மீன்ல எஞ்சினுக்குன்னு ஒரு பங்கு உண்டுங்க. எஞ்சின் யாருதோ அவங்களுக்கு. ‘உன் பேர்ல வந்திருக்குது’ன்னு வாயால சொன்னா நம்பாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும். பேரைப் பார்த்தா நம்பிடும்.”

மலர்கொடி பிளாஸ்டிக் ஷீட்டைப் பிரிண்டரில் வைத்தாள்.

மறுநாள் காலை, இருசப்பனின் படகு கரையேறியபோது திரௌபதி கூடையோடு நின்றிருந்தாள். எஞ்சினை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“பெரிய மீனா வை தம்பி. எஞ்சின் என்னுது!”

“சரி அண்ணி,” என்று இருசப்பன் பெரிய மீனாகப் பொறுக்கி வைத்தான்.

அதே நேரத்தில் சிவப்பிரகாசம் மீதி லேபிளுக்காகக் கடைக்கு வந்தார். மலர்கொடி பிரிண்டரைப் போடவில்லை.

“முதல்ல மிஷின் வரட்டும்ணா. அப்புறம் லேபிள்.”