ஜெரட் கட்டிய என்ஜின்

“காதை வச்சாலே தெரியலையா தம்பி? என்ஜினுக்குள்ள ராடு பேரிங் போச்சு. இதுல கழட்டிப் பாக்க என்ன இருக்கு?”

“காதுக்கு எல்லாம் ஒரே டொக்கு டொக்குதான் பெரியவரே. காதை நம்பி என்ஜினைப் பிரிச்சவங்களாலதான் என் பொழப்பே ஓடுது.” கர்ட் சிரித்தபடி கையைத் துடைத்துக்கொண்டான்.

ஒஹாயோவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் தகரக் கொட்டகைதான் கர்ட்டின் பட்டறை. பெரியவர் எல்டன் தன் டிரக்கை ட்ரெய்லரில் ஏற்றி, மூன்று மாவட்டம் கடந்து அங்கே கொண்டு வந்திருந்தார். ஆயிரம் குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர். திருவிழாக்களில் பாரம் ஏற்றிய சறுக்கு வண்டியை இழுக்கும் போட்டிக்கென்றே உருவான வண்டி.

“உங்க ஊர்ல பட்டறையே இல்லையா?”

“இருக்கு. ஆனா அங்க எல்லாருக்கும் என் மகன் ஜெரட்டைத் தெரியும். இந்த என்ஜினைக் கட்டினது அவன்தான். அவனுக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுவாங்க. எனக்கு உள்ளது உள்ளபடி தெரியணும்.”

கர்ட் சாவியைத் திருப்பினான். டீசல் என்ஜின் உறுமி எழுந்தது. அந்த உறுமலுக்கு அடியில், யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு சுத்தியலால் தட்டுவது போல, டொக், டொக், டொக்.

எல்டன் கண்ணை மூடிக்கொண்டார். “இதே சத்தம்தான். போன வாரம் திருவிழாவுல பாதித் தடத்துல வண்டி நின்னுடுச்சு. ‘ஒரு போல்ட்டை ஒழுங்கா முடுக்கத் தெரியாத பய, நீயெல்லாம் என்ஜின் கட்ட வந்துட்டே’ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சாவியை என் கையில வச்சுட்டு நடந்து போயிட்டான்.”

“எங்கப்பனா இருந்தா ஸ்பேனராலயே போட்டிருப்பார். நீங்க பரவாயில்ல.”

கர்ட் எண்ணெயை வடித்தான். ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த காகித மடிப்புகளை விரித்து விளக்கடியில் பிடித்தான். பேரிங் தேய்ந்திருந்தால் மீன் செதில் போல உலோகத்தூள் மின்ன வேண்டும். ஒரு பொட்டு மினுக்கம்கூட இல்லை.

“சுத்தமா இருக்கே!”

“இன்னொரு தடவ பாருங்க.”

பார்த்தான். அப்போதும் இல்லை. புது எண்ணெயை ஊற்றிவிட்டு, கர்ட் தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான். “ஒரு சாண்ட்விச் எடுத்துக்கங்க பெரியவரே.”

“வேணாம். வீட்டு ஃப்ரிட்ஜை மூடவே முடியல. அக்கம்பக்கத்துல ஆளுக்கொரு பாத்திரமா சமைச்சு வச்சுட்டுப் போறாங்க.”

“கொடுத்து வச்சவர்! என் பக்கத்து வீட்டுக்காரன் என்கிட்ட வாங்கின புல்வெட்டியைக்கூடத் திருப்பித் தர மாட்டேங்குறான்.”

எல்டன் சிரிக்கவில்லை.

கர்ட் வண்டிக்கு அடியில் நுழைந்தான். “என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு எஃகுத் தட்டு இருக்கு, ஃப்ளெக்ஸ் பிளேட். அது விரிசல் விட்டாலும் அசல் ராடு அடிக்கிற மாதிரியேதான் கேக்கும். எத்தனையோ நல்ல காதெல்லாம் ஏமாந்திருக்கு. இப்ப கியர் பெட்டிப் பக்கத்தைத் தட்டுலேர்ந்து பிரிச்சுவிடறேன். அப்பவும் தட்டுச்சுன்னா என்ஜின். தட்டலைன்னா இந்தத் தட்டுதான்.”

போல்ட்டுகளைக் கழற்றி, கியர் பெட்டியோடு சேர்ந்த கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளினான். வெளியே வந்து மறுபடி சாவியைத் திருப்பினான்.

என்ஜின் ஓடியது. சீராக, ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது.

“இன்னும் முடுக்குங்க!” எல்டன் கத்தினார்.

கர்ட் முடுக்கினான். தகரக் கூரை அதிர்ந்தது. எல்டன் என்ஜின் மேல் கவிழ்ந்து, தொலைந்துபோன எதையோ தேடுபவர் போலக் காதை அங்கும் இங்கும் நகர்த்தினார்.

“இன்னும்!”

“இதுக்கு மேல வேணாம் பெரியவரே.” கர்ட் என்ஜினை அணைத்தான். விரல் பருமனுள்ள கேமரா ஒன்றைக் கீழே இருந்த துளை வழியாக நுழைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினான். தட்டின் நடுவே, போல்ட்டுகளைச் சுற்றி, கறுப்பாக ஒரு விரிசல் பாதி வட்டம் ஓடியிருந்தது.

“வண்டியோட வந்த பழைய தட்டு. இவ்வளவு சக்தியை இது எங்க தாங்கும்? கியர் பெட்டியை ஏத்தினது யாரு?”

“நான்தான்.” எல்டனின் குரல் இறங்கியது. “கனமான தட்டா மாத்திடலாம்னு ஜெரட் சொன்னான். உன் வேலையைப் பாருடான்னேன்.”

“அப்ப பையன்தான் ஜெயிச்சாரு!” கர்ட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “என்ஜின்ல ஒரு குறையும் இல்ல. இப்படிக் கட்டுற ஆளை இங்க அனுப்புங்க, நாளைக்கே வேலைக்கு வச்சுக்கறேன். முதல்ல ஒரு போனைப் போட்டு மன்னிப்புக் கேளுங்க. அப்பனா இருந்தா என்ன, கேட்டா வாய் வெந்தா போயிடும்?”

தன் கைபேசியை எடுத்து அவனே நீட்டினான்.

எல்டன் அதை வாங்கவில்லை. சூடு தணியாத என்ஜின் மேல் இருந்த கையையும் எடுக்கவில்லை.

“அவனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. ராடுதான் போச்சுன்னு சொல்லிடுங்க தம்பி.”