வீட்டுக்குள்ளே பஸ்கி

ரப்பர் தோட்டத்துத் தேகப்பயிற்சிக் கொட்டகையை ஜப்பான்காரன் கிடங்காக்கிப் பூட்டிய பிறகு, பரஞ்சோதி வீட்டுக்குள்ளேயே பஸ்கி போடுவது தொழிலாளர் லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். காலையில் கதவு சாத்தியதும் 'ஹும் ஹும்' என்று மூச்சும், தரை அதிரும் தொம் தொம் சத்தமும் பக்கத்து வீடுகள் வரை கேட்கும்.

அன்று கதவைத் தட்டியவர் கங்காணி.

"சயாம் ரயில் பாதைக்குத் திடமான ஆளா அனுப்பச் சொல்றான்பா ஜப்பான்காரன். உன் ஞாபகம்தான் வந்துச்சு."

பரஞ்சோதி கைகூப்பினான். தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போன எவரும் இன்னும் திரும்பவில்லை.

"ஐயா, உடம்பு விட்டுப்போகக் கூடாதேன்னு சும்மா..."

"சட்டையைக் கழட்டு, பாப்போம்."

கழற்றினான். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கங்காணி அவனைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இத்தனை மாசம் குதிச்சதுக்கு இதானா? உன்னை அனுப்புனா என்னைத்தான் உதைப்பான். குதிக்கிறதை விட்டுட்டு மரவள்ளிக் கிழங்கையாவது கூடத் தின்னு லா!"

அவர் தலை மறைந்ததும் பரஞ்சோதி கதவைத் தாழிட்டான். அவன் மனைவி பாப்பம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து உரலை இழுத்து, ஒளித்துவைத்த நெல்லை அதில் கொட்டினாள். ஜப்பான்காரனுக்குத் தெரிந்தால் நெல்லும் போகும், தலையும் போகும். திரண்ட கைகளால் உலக்கையை ஓங்கினாள்.

"இன்னைக்காவது கொஞ்சம் சத்தமா மூச்சு விடுங்க. நேத்து உலக்கைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

பரஞ்சோதி கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, 'ஹும் ஹும்' என்று பஸ்கியைத் தொடங்கினான்.