பிரிகேடியர் முறைத்தார்

“மனுஷனா அவரு? ஆறு மாசமா சல்யூட் அடிக்கிறேன் பாய். ஒரே ஒரு நாள் கையைத் தூக்கியிருப்பாரா?”

பொருமியவன் வாட்ச்மேன் சோலையப்பன். கேட்டுக்கொண்டிருந்தவர் அதே கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் மக்தூம் பாய்.

“துபாய்ல சல்யூட்டு சம்பளத்துக்குத்தாம்ப்பா. பதில் சல்யூட்டெல்லாம் எவன் தருவான்?”

“மத்தவங்க தர வேணாம். இவரு பட்டாளத்துக்காரருல்ல?”

நாலாவது மாடியில் குடியிருந்தார் அந்தக் கனடா பிரிகேடியர் ஜெனரல். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, முப்பது வருஷத்தில் அந்த உயரத்துக்கு வந்தவர். 2006-ல் ஆப்கானிஸ்தானுக்குச் சரக்கு அனுப்பும் வேலையாக வந்திருந்தார். உடுப்பெல்லாம் முகாமோடு சரி. வீட்டுக்கு வெறும் சட்டை, வெறுந்தலை.

சோலையப்பனும் பட்டாளத்துக்கு ஆசைப்பட்டவன்தான். மார்பளவு பத்தவில்லை என்று திருச்சியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிஜமான ஓர் அதிகாரி தனக்குப் பதில் சல்யூட் அடித்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று இருந்தான்.

பிரிகேடியர் துரையோ தினமும் விறைப்பார். வெடுக்கென்று தலையைத் திருப்பி இவனை ஒரு முறை முறைப்பார். போய்விடுவார்.

“நாளையிலேருந்து அடிக்க மாட்டேன்!”

சொன்னபடியே மறுநாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. துரை நின்றார். பார்த்தார். நேரே சூப்பர்வைசர் சீதாராமன் அறைக்குள் போனார்.

“கலாஸ்! முடிஞ்சுது உன் கதை. விசாவைக் கேன்சல் பண்ணி விமானத்துல ஏத்திருவாங்க” என்றார் மக்தூம் பாய்.

சீதாராமன் வந்தார். “நாளைக்குக் காலையில எழுந்து நின்னு ஒழுங்கா சல்யூட் அடி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

ஊரில் ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சோலையப்பன் தலையாட்டினான்.

மறுநாள் லிஃப்ட் திறந்தது. துரை நீச்சல் குளத்துக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார். அரைக்கால் சட்டை, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு. தலையில் மட்டும் பளபளவென்று பட்டாளத் தொப்பி!

மக்தூம் பாய் வாயைப் பொத்திக்கொண்டார். “துரைக்கு வெயில் மண்டைக்கு ஏறிடுச்சு!”

சோலையப்பன் வேண்டாவெறுப்பாகக் கையைத் தூக்கினான்.

ரப்பர் செருப்புகள் ரெண்டும் மோதின சத்தம் ஷார்ஜா வரை கேட்டிருக்கும். துரையின் வலது கை நெற்றிக்குப் பறந்தது. இவன் கையை இறக்கும் வரைக்கும் அவரும் இறக்கவில்லை.

அவர் போன பிறகும் சோலையப்பன் அப்படியே நின்றான். சீதாராமன்தான் தோளைத் தட்டினார்.

“கனடா பட்டாளத்துல தொப்பி இல்லாம கைச் சல்யூட் அடிக்கக் கூடாதாம். விறைப்பா நின்னு, முகத்தைத் திருப்பி நேரா பார்க்கணும். அதுதான் மரியாதை. ஆறு மாசமா உனக்கு அதைத்தான் செஞ்சிருக்கார். நீ முறைப்புன்னு நெனச்சுட்டே.”

“அப்போ இன்னைக்கு?”

“நீ ஏன் எழுந்திருக்கலேன்னு கேட்கத்தான் நேத்து வந்தார். நீ மனசு நொந்து இருக்கேன்னு சொன்னேன். சர்வீஸ்ல முதல் தடவையா சட்டத்தை மீறிட்டார்டா. குளிக்கிற உடுப்போட அந்தத் தொப்பியைப் போடவே கூடாதாம்!”